நாற்பத்திரண்டு கிலோமீட்டர் உபவாசம்

என் கணவர் மாரத்தான் ஓடப்போகிறார் என்பதை எனக்குச் சொன்னது அவர் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் மில்காரர் ஒருவர், நான் பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் வரும்போது கையைக் காட்டி நிறுத்தி, "டீச்சர், அண்ணாச்சி நாப்பத்திரண்டுக்குப் பேரு குடுத்திருக்காவளே, தெரியுமா?" என்று கேட்டார். நாற்பத்திரண்டு என்ன என்றேன். கிலோமீட்டர் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், ஏதோ கேலி என்று நினைத்து.

கேலி இல்லை. நான் கேட்டபோது அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "ஆமா, குடுத்திருக்கேன். ஓடுறதுக்கு என்ன, காலு இருக்குல்ல?" என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை. போனால் அடுத்த பஸ் வரும் என்று நிழலில் நின்றுவிடுவார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர். மெஷினின் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் உடம்பில் எது போயிருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் தேவைப்பட்டது. இரண்டு வருஷம் முன்னால் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அவர் முதலில் என்னிடம் கேட்டது என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்பதை அல்ல. "மில்லுல தெரியக்கூடாது, என்ன?" என்றார். அதனால் மாத்திரை வாங்க ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். கேட்டவர்களிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்ல முடியாது, நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பால்கோவா வாங்கப் போகிறோம் என்றோம். சர்க்கரை மாத்திரைக்குப் பால்கோவாவைச் சாக்குச் சொன்ன குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. மில்லுக்குப் புது மெஷின்கள் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பன்னிரண்டு ஃபிட்டர்களில் ஏழு பேர் போதும் என்றார்கள். எந்த ஏழு பேர் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் மில்லின் ஆண்டு விழாவுக்காக மாரத்தான் என்று அறிவித்தார்கள். ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். தொழிலாளர்கள் கூட்டத்தில் பணியாளர் அதிகாரி, "உடம்பைப் பேணுகிறவர்களுக்கு இங்கே எப்போதும் இடம் உண்டு" என்று பேசினாராம். எல்லா மேடையிலும் எல்லோரும் பேசுகிற பேச்சுதான். என் கணவர் அதை அப்படியே ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார். மற்ற ஃபிட்டர்கள் ஐந்துக்குப் பேர் கொடுத்தார்கள். இவர் முதலாளி கண்ணில் படவேண்டும் என்று நாற்பத்திரண்டுக்குக் கொடுத்தார்.

"முடிச்சிட்டேன்னு வையி, பொறவு எவன் என்னைய அன்ஃபிட்டும்பான்?" என்றார்.

பயிற்சி எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை எங்கள் ஜனத்தைத் தவிர வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போது லெந்து காலம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்களில் பலர் மதியம் வரை உபவாசம் இருப்போம். நான் காப்பி மட்டும் குடித்துக்கொள்வேன், ஆண்டவர் ஆசிரியைகளை மன்னிப்பார் என்ற நம்பிக்கையில். அவர் அந்த வருஷம் வேலை நிலைக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் நேர்ந்து பொருத்தனை செய்து, எழுந்ததிலிருந்து மதியம் பன்னிரண்டு மணி வரை சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் இருந்தார். "நாப்பது நாளு வெறும் வயித்தோட மெஷின் மேல ஏறி இறங்குறேன். இதைவிட என்னட்டி பயிற்சி?" என்றார். ஓட்டம் வந்த ஞாயிறு, லெந்தின் ஐந்தாவது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையில் உபவாசம் கட்டாயமில்லை என்று நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற சபைக் குருவானவரே வீட்டுக்கு வந்து சொன்னார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, "பொருத்தனை நான் ஐயர்கிட்டயா பண்ணேன்?" என்று கேட்டார் என் கணவர்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் உட்கார வைக்கிறவள் நான். வீட்டில் இருக்கிற ஒருவரை என்னால் உட்கார வைக்க முடியவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கோயம்புத்தூரில் படிக்கும் மகளிடம் போனில் சொல்லி அழ வைத்தேன். அவளிடம் இவர், "அம்மாவுக்கு வேலை இல்ல பாப்பா, நீ படி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய்ப் புது ஷூ வாங்கி வந்தார். வீட்டுக்குள் இரண்டு நடை நடந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்தோம். மாத்திரை வேண்டாம் என்றார், லெந்து தொடங்கியதிலிருந்து அதை மதியச் சாப்பாட்டோடுதான் போட்டுக்கொண்டிருந்தார். ஓடப்போகிற நாளில் மாத்திரை போடாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். அந்த ஒரு விஷயத்தில்தான் நான் ஜெயித்தேன். மருந்துக்குக் குடிக்கிற ஒரு வாய்த் தண்ணீர் உபவாசத்தில் சேராது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு விழுங்கினார். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தக் கதவில் சாய்ந்திருக்க மாட்டேன்.

ஐந்தரைக்கு ஓட்டம் என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆறானது, ஆறரையானது. ஒலிபெருக்கியில் உடல்நலத்தைப் பற்றி ஒருவர் பேசினார், அவர் முடித்ததும் இன்னொருவர் பேசினார். ஓட வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். பருத்தி நூல் நூற்கிற மில். ஓடுகிறவர்களுக்குக் கொடுத்ததோ வழுவழுவென்று பாலியஸ்டர் பனியன். நிற்கும்போதே எல்லோருக்கும் முதுகில் ஒட்டிக்கொண்டது. என் போனில் வெயில் எச்சரிக்கை வந்திருந்தது. அதை அவரிடம் காட்டினேன். "அது மெட்ராஸ்காரனுக்கு" என்றார். விருந்தினர் வந்து பொன்னாடை வாங்கிக் கொடியசைத்தபோது மணி ஏழே முக்கால்.

நாற்பத்திரண்டுக்கு மொத்தம் பத்துப் பதினைந்து பேர்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த, உடம்பில் சதையே இல்லாத பையன்கள். இடுப்பில் தண்ணீர்ப் புட்டி கட்டியிருந்தார்கள். ஒருவன் இவரைப் பார்த்து, "அண்ணே, தண்ணி நல்லா குடிச்சிட்டீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டான். இவர் அவன் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, "நீ குடிடே" என்றார்.

ராஜபாளையத்தில் தொடங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவில் போய், அங்கே வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பி, மகாராஜபுரம் பக்கம் வரை சென்று, அதே வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்கு வந்து முடிக்க வேண்டும். நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். முன்னால் கொக்கியில் ஒரு பை. அதில் தண்ணீர், குளுக்கோஸ், உப்புப் போட்ட மோர், துண்டு. எதையும் அவர் தொடமாட்டார் என்று தெரிந்தும் கட்டிக்கொண்டு போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. வெயில் வலப்பக்கமாக முகத்தில் அறைந்தது. ஊருக்குள் நுழைந்தபோது பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைத்திருந்தார்கள். அவர் கையை உயர்த்திக் காட்டினார். பனியன் நனைந்து, முகம் செம்மண் நிறமாக இருந்தாலும் சிரித்தார். எனக்கே ஒரு நிமிஷம், முடித்துவிடுவாரோ என்று தோன்றியது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, அந்த நிமிஷம் பெருமையாக இருந்தது.

தண்ணீர் கொடுக்கிற மேஜைகளில் டம்ளரை நீட்டினார்கள். இவர் கும்பிட்டுவிட்டுத் தாண்டினார். நான் வண்டியைப் பக்கத்தில் ஓட்டி, "என்னங்க, ஒரு முடக்கு. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றேன்.

"பன்னெண்டு மணிக்குக் குடிக்கேன். தலையில வேணா ஊத்து. வாயில படாம ஊத்து."

ஊற்றினேன். உதடுகளை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். முகத்தில் வழிந்த தண்ணீர் வாய்க்கு வருமுன் புறங்கையால் துடைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக என் சமையலில் உப்புப் போதவில்லை என்று சொல்கிற வாய் அது. அதை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்து ஊற்றிவிட்டால் என்ன என்று நினைத்தேன். நடுரோட்டில் எப்படிச் செய்வது? அவர் நகர்ந்துவிட்டார்.

கிருஷ்ணன்கோவிலில் திரும்பும்போது மணி பதினொன்று. அதற்குமேல் ஓட்டம் இல்லை. இடது காலை இழுத்து வைத்தார். புது ஷூவின் பின்பக்கம் ரத்தம் தெரிந்தது. வத்திராயிருப்பு ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைவு. எதிரே மலை வெள்ளையாகக் காய்ந்து நின்றது. ஒரு தென்னந்தோப்பு ஓரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து, மரியாதையாகச் சேலையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: "தாயி, அவிய எந்தச் சாமிக்கு நேர்ந்து ஓடுதாவ?"

"மில்லுக்கு" என்றேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டு, "செத்த நேரம் நிழல்ல உக்காரச் சொல்லக் கூடாதா?" என்றாள். சொல்லாமலா இருந்தேன்?

பதினொன்று இருபதுக்கு அவருக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. அதை நான் நல்லது என்று நினைத்தேன், காற்று வீசுகிறது என்று. பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்து, மிக மரியாதையாக, "மேடம், மூணாம் நம்பர்ல பெல்ட்டு மாத்தியாச்சா?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து, "மாத்தியாச்சு, நில்லுங்க" என்றேன். "நிக்க முடியாது மேடம், ஷிப்டு முடியலை" என்றார். கண் என்மீது இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. விரல்கள் நடுங்கின. புட்டியை வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிவிட்டார். யாரென்று தெரியாத என்னை மேடம் என்று கூப்பிட்ட அந்த ஆளுக்கு, பன்னிரண்டு மணி ஆகவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

எங்களுக்குப் பின்னால் ஓட்டத்தை நடத்துகிறவர்களின் காரும் ஆம்புலன்ஸும் மெதுவாக வந்துகொண்டிருந்தன. கடைசி ஆள் இவர்தான். நான் வண்டியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினேன். உள்ளே இருந்த தம்பி இறங்கினான், நல்ல பையன்தான். "அக்கா, அவங்களா நிப்பாட்டுறேன்னு சொல்லணும். இல்லேன்னா அந்த சார் சொல்லணும்" என்று காரைக் காட்டினான்.

காரில் இருந்தது பணியாளர் அதிகாரி. கண்ணாடியை இறக்கினார். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "பயப்படாதீங்க மேடம். களைப்புதான். நம்ம மில் ஆளுங்கள்ல நாப்பத்திரண்டுக்கு இவர் ஒருத்தர்தான் இருக்கார். முதலாளி தேரடியில காத்துக்கிட்டு இருக்கார். ஓட வேண்டாம், நடந்தே வரட்டும். மாலை ரெடியா இருக்கு" என்றார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. என் கணவர் இரண்டு மாதமாக எதற்காகத் துடித்தாரோ அது நடந்துகொண்டிருந்தது. முதலாளி காத்திருக்கிறார். இன்னும் பாதி தூரம் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து ஓரத்துக்கும் போய்க்கொண்டிருந்தார். ஒரு லாரி ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. மணி பதினொன்று முப்பத்தைந்து. பன்னிரண்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தை அவர் தாண்டுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆண்டவரே, அவரைக் கீழே தள்ளிவிடும் என்று வேண்டினேன். புருஷன் விழ வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். விழவில்லை.

அப்போது சொன்னேன். "சார், அவருக்குச் சுகர் இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு. காலையில மாத்திரை போட்டுட்டு வந்திருக்காரு, ஒரு பருக்கை சாப்பிடலை, தண்ணி குடிக்கலை."

அதிகாரியின் முகம் மாறியது. கோபம் இல்லை. குழப்பம். "சுகரா? ரெக்கார்டுல இல்லையே?" என்றார். கேட்டுக்கொண்டே ஆம்புலன்ஸுக்குக் கையைக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லாம் அரை நிமிஷத்தில் நடந்தது. இரண்டு பேர் போய் அவர் தோளைப் பிடித்தார்கள். பிடித்ததும் கால் மடிந்துவிட்டது, அதற்காகவே காத்திருந்த மாதிரி. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "ஷிப்டு முடியலைடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் தம்பி விரலில் குத்திச் சின்ன மெஷினில் பார்த்து, முகத்தைச் சுளித்து, கையில் ஊசியை ஏற்றினான். நான் ஸ்கூட்டியை, எங்கள் பின்னாலேயே வந்துவிட்ட ஆடு மேய்த்த பெண்ணிடம் விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன். அதிகாரி கார் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்குக் கண் விழித்தார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெறும் வயிற்றில் மாத்திரை, அதன்மேல் வெயில், அதன்மேல் ஓட்டம் என்று விரலை மடக்கி மடக்கி என்னைத் திட்டினார். ஒரு ஆசிரியை இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். நர்ஸ் தண்ணீரை நீட்டியபோது இவர் என்னைப் பார்த்து, "மணி பன்னெண்டு ஆயிட்டா?" என்று கேட்டார்.

"எப்பவோ ஆயிட்டு. குடிங்க."

முழு டம்ளரையும் குடித்தார். எந்த இடத்தில் தூக்கினார்கள் என்று கேட்டார். சொன்னேன். பாதிதானா என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் அதிகாரி பழங்களோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, உடம்புதான் முக்கியம், இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே, சொல்லியிருந்தால் நாங்கள் விடுவோமா என்று ஆறுதலாகப் பேசினார். யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் அது அவர் எனக்குச் செய்த உபகாரம் என்றுதான் தோன்றுகிறது. ஈஸ்டர் முடிந்த மறுவாரம் ஏழு பேரின் பட்டியல் வந்தது. அதில் என் கணவர் பெயர் இல்லை. மேலே ஏறிச் செய்கிற வேலை, சுகர் உள்ளவர்களை ஏற்ற முடியாது என்று காரணமும் எழுதியிருந்தார்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள்.

இப்போது தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் இவரிடம்தான் வருகிறது. கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். காது இன்னும் அப்படியே இருக்கிறது. மிக்ஸியை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். காலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். என்மேல் அவருக்குத் துளி வருத்தம் இல்லை. வருத்தப்பட என்ன இருக்கிறது? அவருக்குத் தெரிந்தவரை, ஆம்புலன்ஸில் விரலில் குத்திப் பார்த்தார்கள், வியாதி வெளியே வந்துவிட்டது. "மெஷின் காட்டிக் குடுத்துட்டு. மெஷின் பொய் சொல்லாது" என்பார். மெஷின்மேல் அவருக்கு என்றைக்கும் கோபம் வந்ததில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை வாயெடுத்திருக்கிறேன். சோறு போடும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஒருமுறை ஆலயத்தில் நற்கருணைக்கு முன்னால் முழங்காலில் நிற்கும்போது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் இல்லை. சொன்னதால் அவர் வேலை இல்லை. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் செய்தது நான்தான்.

போன மாதம் சபையிலிருந்து நாலைந்து பேர் வீட்டு ஜெபத்துக்கு வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு அந்த ஓட்டத்துக்கு வந்தது. யாரோ கேட்டார்கள், வியாதியை இரண்டு வருஷம் எப்படி மறைத்தீர்கள் என்று. இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் இவளாலதான். அன்னைக்கு ரோட்டுல நான் புத்தி கெட்டுப்போயி நிக்கேன். ஆபீசர் நிக்காரு, ஆம்புலன்ஸ்காரன் நிக்கான். அம்புட்டு பேரு சுத்தி நின்னும் இவ என்னைய விட்டுக்குடுத்து ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார், அந்தப் பழைய சிரிப்போடு.

"என்னட்டி, நான் சொல்றது சரிதான?"

"ஆமாங்க" என்றேன்.